திண்ணையும் உள்ளறையும்

பிறர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும் நாம் அவ்வீட்டில் எதுவரை செல்லலாம்? இவ்வினாவுக்குரிய விடையை எவரும் நமக்கு நூல் வைத்துக் கற்பித்ததில்லை. ஆயினும் அதனை நாம் அனைவரும் அறிவோம். திண்ணை வழிப்போக்கருக்கும் உரியது. கூடம் அழைக்கப்பட்டவருக்கு உரியது. உள்ளறையோ அவ்வீட்டாருக்கு மட்டுமே உரியது. பிள்ளை பெற்ற தாய் படுத்திருக்கும் அறையின் வாசலில், நெருங்கிய உறவினரும் ஒரு கணம் தயங்கி நின்று, குரல் கொடுத்த பின்னரே உள்ளே நுழைவர். அத்தயக்கம் அச்சத்தால் எழுவதன்று. அன்பாலும் மதிப்பாலும் எழுவது.

மனிதரின் இல்லங்களில் இத்துணை நுட்பமாக எல்லை காக்கும் நாம், மலையையும் காட்டையும் கடலையும் காணச் செல்லும்போது அவ்வாறு தயங்குவதுண்டா? கட்டணத்தைச் செலுத்திவிட்டோம், ஆகவே எல்லாக் கதவுகளும் திறந்தாக வேண்டும் என்று எண்ணுகிறோம். காண்பது நம் உரிமை என்கிறோம். அவ்வுரிமைக்கு எல்லை உண்டா? உண்டெனில் அதனை வகுப்பவர் யார்? இவ்வினாவை வெறுங் கருத்தாக வைத்துக்கொண்டு பேசுவதைவிட, ஒரு சிறு தீவிலுள்ள இரண்டு கடற்குகைகளை முன்வைத்துச் சிந்திப்பது நமக்குத் தெளிவு தரும்.

விரைவுப் படகில் ஒரு நாள்

குரோஷியா நாட்டின் அட்ரியாட்டிக் கடற்கரையில் அமைந்த நகரம் ஸ்பிளிட். ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் தன் முதுமைக்காலத்துக்கெனக் கட்டிய அரண்மனையின் மதில்களுக்குள்ளும் அவற்றைச் சுற்றிலும் வளர்ந்த நகரம் அது. கோடைக்காலத்தில் அந்நகரத் துறையிலிருந்து நாள்தோறும் காலையில் விரைவுப் படகுகள் புறப்படுகின்றன. ஒரு படகில் ஏறத்தாழப் பன்னிருவர் அமர்கின்றனர். படகைச் செலுத்துபவரே பெரும்பாலும் வழிகாட்டியாகவும் விளங்குகிறார். ஒரே நாளில் ஐந்து தீவுகளைக் காட்டி மாலையில் மீண்டும் துறையில் இறக்கிவிடுவதாகச் சுற்றுலா விளம்பரங்கள் உறுதி கூறுகின்றன. அப்பயணத்தின் தலையாய இடம், பிஷேவோ என்னும் சிறு தீவின் நீலக்குகை.

இத்தகைய பயணத்தின் இயல்பை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். படகு அலையின்மீது தவழ்ந்து செல்வதில்லை. அலைக்கு அலை துள்ளி விழுகிறது. முதுகுநோய் உள்ளவர்களும் கருவுற்ற மகளிரும் வர வேண்டா என்று முன்னரே எச்சரிக்கின்றனர். பொறியின் இரைச்சலில் அருகில் இருப்பவரோடும் பேச இயலாது. 1989ஆம் ஆண்டு வரை யூகோஸ்லாவியப் படையின் தளமாக இருந்து, வெளிநாட்டார் காலடி வைக்க இயலாதிருந்த விஸ் தீவு வழியில் வருகிறது. அதற்கும் அப்பால், தென்மேற்கே ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவில் பிஷேவோ கிடக்கிறது. அங்கே சிறு குடா ஒன்றில் விரைவுப் படகுகள் நின்றுவிட வேண்டும். குகைக்குள் அவற்றுக்கு இடமில்லை. பயணிகள் சீட்டுப் பெற்று, வரிசையில் காத்திருந்து, சிறு படகுக்கு மாறுகின்றனர். கூட்டம் மிகுந்த நாள்களில் இக்காத்திருப்பு மணிக்கணக்கில் நீள்வதும் உண்டு. குகைக்குள் அவர்கள் இருப்பதோ சில நிமிடங்களே.

குகையின் வாயில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமும் இரண்டரை மீட்டர் அகலமும் கொண்டது. உள்ளே நுழையும்போது அனைவரும் தலை குனிய வேண்டும். செல்வரும் வறியவரும், கற்றவரும் கல்லாதவரும் அந்த இடத்தில் ஒருங்கே குனிகின்றனர். இருளில் சிறிது தொலைவு சென்றதும் படகின் அடியிலிருந்து ஒளி எழுகிறது. மேலிருந்து பொழியும் ஒளியையே அறிந்த நம் கண்களுக்கு இது புதிது. நீரே விளக்காகி எரிவதுபோல் தோன்றுகிறது. சுவர்களும் கூரையும் முகங்களும் நீலமாகின்றன. நீரில் அமிழ்ந்த துடுப்பு வெள்ளியாய் மின்னுகிறது.

இதன் காரணம் எளியது. குகையின் தென்புறத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே இயற்கையான துளை ஒன்று உள்ளது. முற்பகல் பதினொரு மணி முதல் நண்பகல் வரை, கதிரவன் தக்க கோணத்தில் நிற்கும் வேளையில், ஒளி அத்துளையின் வழியே நீரினூடாக உள்ளே புகுகிறது. செந்நிறக் கதிர்களை நீர் விரைவில் உறிஞ்சிக்கொள்ள, நீலக்கதிர்கள் எஞ்சுகின்றன. வெண்மையான அடித்தளம் அவற்றை மேல்நோக்கித் திருப்பி அனுப்புகிறது. காரணம் தெரிந்துவிட்டதால் வியப்புக் குறைவதில்லை. அழகின் இயக்கத்தை அறிவது அழகை அவமதிப்பதாகாது.

வெடி வைத்துத் திறந்த கதவு

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். இன்று படகுகள் நுழையும் அவ்வாயில் இயற்கை அமைத்ததன்று. 1884ஆம் ஆண்டில் பாறையை வெடி வைத்துத் தகர்த்து அமைக்கப்பட்டது. அதற்கு முன்னர், நீருக்கடியில் மூழ்கிச் செல்லத் துணிந்தவர்களே அக்குகையின் உட்புறத்தைக் கண்டிருக்க முடியும். எத்தனையோ நூற்றாண்டுகளாக ஒவ்வொரு தெளிந்த முற்பகலிலும் அந்நீல ஒளி எரிந்து அணைந்துகொண்டிருந்தது. பார்ப்பதற்கு எவரும் இல்லை.

வாயில் அமைக்கத் தூண்டுதலாக இருந்தவர் யூஜின் வான் ரான்சொன்னே என்னும் ஆஸ்திரியப் பிரபு. அவர் ஓவியர், பயணி, கடலடி உலகில் பெருங்காதல் கொண்டவர். அவருக்கும் நம் கடற்பகுதிக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1860களில் இலங்கைக்கு வந்த அவர், மணி வடிவக் கூண்டு ஒன்றினுள் அமர்ந்து கடலுக்குள் இறங்கி, அங்கிருந்தவாறே பவளங்களையும் மீன்களையும் வரைந்தார். இலங்கையைப் பற்றிய அவருடைய நூல் 1867இல் வெளிவந்தது. கடலடியின் காட்சியைக் கடலடியிலேயே அமர்ந்து வரைந்த முன்னோடிகளுள் அவரும் ஒருவர்.

ஒரே மனிதரிடம் காணும் முறைகள் இரண்டு தென்படுவதை நாம் நோக்க வேண்டும். இலங்கைக் கடலில் அவர் தம்மைச் சுருக்கிக்கொண்டார். குறுகிய கூண்டில் முடங்கி, மூச்சுக்காற்றுக்கு மேலிருப்பவர்களை நம்பி, மீன்களின் உலகுக்குத் தாமே இறங்கிச் சென்றார். பிஷேவோவிலோ குகை விரிவாக்கப்பட்டது. முன்னதில் காண்பவர் காணப்படும் இடத்துக்கு ஏற்பத் தம்மை மாற்றிக்கொள்கிறார். பின்னதில் காண்பவருக்கு ஏற்ப இடம் மாற்றப்படுகிறது. மனிதர் உலகைக் கண்ட வரலாறு முழுவதையும் இவ்விரு முறைகளில் அடக்கிவிடலாம் போலும்.

இதனால் அவ்வாயிலை ஒரு குற்றமாகத் தீர்ப்பிடுவது எளிது. ஆனால் எளிதில் கிட்டும் தீர்ப்பு நீதியான தீர்ப்பாக இருப்பது அரிது. மறுபக்கத்தையும் எண்ணிப் பார்ப்போம். மூழ்கும் வலிமை உடைய இளைஞருக்கு மட்டுமே அவ்வழகு உரியதாக இருந்திருக்க வேண்டுமா? இன்று எழுபது வயது மூதாட்டி ஒருவர் பேரக் குழந்தையை மடியில் இருத்தி அவ்வொளியைக் காண்கிறார். கால் ஊனமுற்ற ஒருவரைப் படகுக்காரர் தூக்கி அமர்த்துகிறார். அவர்கள் முகத்திலும் அந்நீலம் படர்கிறது. உடல் வலிமை உடையவரின் தனியுரிமையாக இருந்த ஒன்று எளியோருக்கும் கிட்டியது தீமையா? கதவுகள் அனைத்தும் மூடியே இருக்க வேண்டும் என்னும் வாதத்தில் சில வேளைகளில், தாம் மட்டும் கண்டால் போதும் என்னும் தன்னலமும் மறைந்திருப்பதை நாம் மறுக்க இயலாது.

ஆகவே, கதவைத் திறக்கலாமா என்பதோடு நம் வினா முடிந்துவிடவில்லை. திறந்த பின் எவ்வாறு நுழைகிறோம், எங்கே நிற்கிறோம் என்பன எஞ்சி நிற்கின்றன.

எவரும் காணாத அழகு

மனிதக் கண் படாத அழகு வீணானது என்னும் எண்ணம் நம்மில் ஆழ வேரூன்றியுள்ளது. காட்டில் மலர்ந்து உதிரும் பூவைக் கண்டு இரக்கப்படுகிறோம். அப்பூவைத் தேடி வந்த வண்டை நாம் கணக்கில் கொள்வதில்லை. நீலக்குகையின் ஒளி 1884க்கு முன்னும் எரிந்தது. அது எவரையும் எதிர்பார்த்து எரியவில்லை. கதிரவனும் நீரும் சுண்ணாம்புப் பாறையும் தத்தம் இயல்பில் இருந்ததன் விளைவே அவ்வொளி. படைப்பு முழுவதும் நமக்காகவே அரங்கேற்றப்படும் நாடகம் என்று எண்ணுவது, விருந்துக்கு வந்தவர் அவ்வீட்டு அடுப்பு தமக்காகவே மூட்டப்பட்டது என்று எண்ணுவதை ஒக்கும். நாம் வராத நாள்களிலும் அவ்வடுப்பு எரிந்தது. அவ்வீட்டுக் குழந்தைகள் உண்டனர்.

இவ்வுணர்வு நம் மதிப்பைக் குறைப்பதில்லை. நமக்காக ஏற்படாத ஒன்று நமக்கும் கிட்டியிருக்கிறது என்னும்போதுதான் நன்றி பிறக்கிறது. விலை கொடுத்து வாங்கியதற்கு எவரும் நன்றி சொல்வதில்லை. சீட்டைக் காட்டிக் கணக்கையே கேட்கின்றனர். வானம் மூடியிருந்ததால் நீலம் மங்கலாக இருந்தது என்று படகுக்காரரிடம் சினந்து கொள்வோரும் உண்டு. கதிரவனையும் கட்டணத்தில் சேர்த்துக்கொண்டவர்கள் அவர்கள்.

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை ஆராய்ந்து எழுதிய நூலின் பத்தாம் பகுதியில் கண்களின் இச்சையைப் பற்றி விரிவாகச் சிந்திக்கிறார். அழகை நாடும் இன்பத்தையும், அறிந்துவிட வேண்டும் என்னும் ஆவலையும் அவர் பிரித்துக் காட்டுகிறார். முன்னது இனியதைத் தேடுகிறது. பின்னதோ இனியதா, கொடியதா என்று பாராமல், கண்டுவிட்டோம் என்னும் அனுபவத்தையே தேடுகிறது. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட இப்பகுப்பு, ஐந்து தீவுகளை ஒரு நாளில் ஓடிக் காணும் நமக்கு வியக்கத்தக்க வகையில் பொருந்துகிறது.

எவ்வாறு என்று கேட்கலாம். குகைக்குள் கிடைத்த சில நிமிடங்களில் பெரும்பகுதியை நாம் கைப்பேசியின் சிறு திரையை நோக்கிக் கழிக்கிறோம். ஒளி மாறும் கணத்தைக் கண் தவறவிடுகிறது, கருவி பதிந்துகொள்கிறது. வெளியே வந்ததும் அடுத்த தீவு எப்போது என்று வினவுகிறோம். கண்டோம் என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. காண்பதோ நிகழவே இல்லை. விரைவு நம்மை அவ்விடத்துக்குக் கொண்டுசேர்த்தது மெய்யே. ஆனால் வந்து சேர்ந்த பின்னும் நம் உள்ளம் விரைவை விட்டு இறங்க மறுக்கிறது. பெரிய படகை வாயிலில் நிறுத்திச் சிறு படகுக்கு மாறச் சொல்லும் அவ்விதி, உடலுக்கு மட்டும் இடப்பட்டதாக நாம் கருதலாகாது.

துறவியர் இருவர் நீங்கிய தீவு

இனி இரண்டாம் குகைக்கு வருவோம். அதே தீவின் தென்கிழக்குப் பகுதியில், ஏறத்தாழ 160 மீட்டர் நீளம் உடையதாய், உள்ளே செல்லச் செல்லக் குறுகி இருளும் ஒரு குகை உள்ளது. அதன் கடைக்கோடியில் கூழாங்கற்கள் நிறைந்த சிறு கரை இருக்கிறது. மெத்விதினா குகை என்பது அதன் பெயர். அப்பகுதி மக்கள் வழக்கில் அது சீல் எனப்படும் கடல்நாயைக் குறிக்கும் பெயர். சுற்றுலாப் படகுகள் பல இதன் வாயிலையும் காட்டிச் செல்கின்றன. பெயர் இருக்கிறது, பெயருக்குரிய உயிரோ அங்கே குடியிருக்கவில்லை.

மத்தியதரைக் கடலுக்குரிய இக்கடல்நாயை அறிவியலார் துறவி என்னும் பொருளுடைய இலத்தீன் பெயராலேயே அழைக்கின்றனர். அதன் கரிய மேனியும் கழுத்தின் மடிப்பும் துறவியரின் அங்கியையும் முக்காட்டையும் நினைவூட்டியதால் அப்பெயர் ஏற்பட்டது என்பர். ஒரு காலத்தில் இவை திறந்த மணற்கரைகளில் கூட்டமாகப் படுத்து வெயில் காய்ந்தன. அங்கேயே குட்டிகளை ஈன்றன. தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் மனிதர் அவற்றை வேட்டையாடினர். வலையைக் கிழித்து மீனைத் தின்பதால் மீனவர் அவற்றைப் பகையாகக் கருதிக் கொன்றனர். கரைகள் மனிதர்களால் நிரம்பின. அவை எவரும் வராத கடற்குகைகளுக்குள் பின்வாங்கின. வாயில் தாழ்ந்து, சில இடங்களில் நீருக்கடியிலேயே மறைந்து, உள்ளே சிறு கரை உடைய குகைகளே அவற்றின் பேறுகால அறைகளாயின.

குகை அவற்றுக்குப் புகலிடமே அன்றி உவப்பான இல்லமன்று. புயல் வீசும் நாள்களில் அலை குகையின் கடைசிவரை ஏறிச் சிறு கரையை மூடுகிறது. நீந்த வலுவற்ற குட்டிகள் அடித்துச் செல்லப்பட்டு மடிகின்றன. மணற்கரையில் பிறந்திருந்தால் பிழைத்திருக்கும் குட்டி, நம்மிடமிருந்து ஒளிந்த காரணத்தால் அலையிடம் மடிகிறது. உலகில் இன்று எஞ்சியுள்ள இவ்வினத்தின் தொகை சில நூறுகளே. குரோஷியக் கடலில் இவை குடியிருந்த காலம் கடந்துவிட்டது. எப்போதேனும் ஒன்று தென்பட்டால் அது செய்தியாகிறது.

கரையிலிருந்து விரட்டினோம். ஓடிப்போய் ஒளிந்த இடத்தையும் இன்று காட்சிப் பொருளாக்கியுள்ளோம். ஒளிந்தவரைத் தேடிச் சென்று, அவர் ஒளிந்திருந்த மூலையைக் கட்டணம் பெற்றுக் காட்டுவதுபோல் உள்ளது இது. இதில் படகோட்டியையோ பயணியையோ கொடியவர் என்று கூறல் பொருந்தாது. அவர்களுள் பெரும்பாலோர் நல்லவர்கள். நல்லவர்களின் ஆவலும் சேர்ந்து திரண்டால் ஓர் உயிருக்கு உலகில் இடமில்லாமல் செய்துவிட முடியும் என்பதே நம்மை உறுத்த வேண்டிய உண்மை.

அத்தீவில் வேறு துறவியரும் வாழ்ந்தனர். 11ஆம் நூற்றாண்டில் பெனடிக்ட் சபைத் துறவியர் அங்கே ஒரு மடத்தை அமைத்தனர். செபமும் உழைப்பும் மௌனமும் நாடி, நிலத்தைவிட்டு அத்துணைத் தொலைவு வந்தனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கடற்கொள்ளையரின் தொல்லையால் அவர்கள் அம்மடத்தைக் கைவிட நேர்ந்தது. புனித சில்வெஸ்தர் பெயரிலான சிற்றாலயம் மட்டும் இன்றும் நிற்கிறது. துறவியர் இரு வகையினரும் தனிமையை நாடியே அத்தீவை அடைந்தனர். இரு வகையினரும் படகில் வந்தவர்களால் அதை இழந்தனர். முன்னர் வந்தவர்கள் கொள்ளையடிக்க வந்தனர். பின்னர் வந்த நாம் கண்டு மகிழவே வருகிறோம். நோக்கத்தில் வேற்றுமை மிகப் பெரிது. விளைவிலும் அவ்வேற்றுமை தெரிகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.

தீவு மக்களின் குரல்

இங்கே ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. பயணிகள் வாராவிட்டால் அத்தீவு மக்கள் எதைக்கொண்டு வாழ்வர்? கொடிமுந்திரித் தோட்டங்கள் நோயுற்று அழிந்தன. மீன்பிடித் தொழில் நலிந்தது. விஸ் தீவின் கோமிஜா ஊரிலிருந்து மீனவர் குடும்பங்கள் பல கடல் கடந்து அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரை வரை சென்று குடியேறின. பிஷேவோவில் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இருபதுக்கும் குறைவானோரே வாழ்ந்தனர். குகைக்குப் படகு ஓட்டும் இளைஞனுக்கு அக்குகை வேடிக்கைப் பொருளன்று, அது சோறு. தொலைவிலிருந்து பார்த்து, யாரும் செல்ல வேண்டா என்று அறிவுரை கூறுவோர் அவ்விளைஞனின் அடுப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் அம்மக்களிடமே நாம் கற்க வேண்டியதும் உண்டு. கோமிஜாவின் மீனவர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 6ஆம் நாள், கடலோடிகளின் பாதுகாவலரான புனித நிக்கோலாசின் திருநாளில், அவர் ஆலயத்தின் முன் பழைய மரப்படகு ஒன்றை எரிக்கின்றனர். உழைத்துத் தேய்ந்த ஒரு படகு காணிக்கையாகிறது. கடலிடம் பெற்றுக்கொண்டே இருப்பவர் ஒருநாள் திருப்பித் தரவும் வேண்டும் என்னும் உணர்வை நாம் அதில் காணலாம். கடலை நம்பி வாழ்பவருக்குக் கடலிடம் ஒரு கணக்கு உண்டு. ஒருநாள் வந்து போகும் நமக்கோ அக்கணக்கு இருப்பதாகவே தோன்றுவதில்லை.

வாழ்வளிப்பதும் காப்பதும் ஒன்றையொன்று வெட்டும் என்று கருத வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரான்சு நாட்டின் லாஸ்கோ குகையை நோக்குவோம். தொல்பழங்கால ஓவியங்கள் நிறைந்த அக்குகை 1940இல் கண்டறியப்பட்டு, 1948இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. நாள்தோறும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். அவர்கள் எதையும் தொடவில்லை; திருடவில்லை; மூச்சு விட்டனர், அவ்வளவே. அம்மூச்சே பல்லாயிரம் ஆண்டுகள் நிலைத்த ஓவியங்களைக் கெடுக்கத் தொடங்கிற்று. 1963இல் குகை மூடப்பட்டது. 1983இல் அருகே அதன் நகல் ஒன்று அமைக்கப்பட்டது. மக்கள் இன்றும் அப்பகுதிக்குத் திரண்டு செல்கின்றனர். உள்ளறை மூடப்பட்டது, திண்ணை திறந்தே இருக்கிறது.

மற்றொரு சான்று நமக்கு இன்னும் மிகுந்த ஆறுதல் தருவது. போர்ச்சுகல் நாட்டின் மதீரா அருகிலுள்ள டெசர்ட்டாஸ் தீவுகளில் 1980களின் இறுதியில் பத்துக்கும் குறைவான துறவிக் கடல்நாய்களே எஞ்சியிருந்தன. 1990இல் அத்தீவுகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. மனிதர் விலகி நின்றனர். மெல்ல மெல்ல அவற்றின் தொகை இருபதைக் கடந்தது. அவற்றுள் சில, குகைகளை விட்டு மீண்டும் திறந்த கரைகளில் வந்து படுக்கத் தொடங்கின. எத்தனையோ தலைமுறைகளாகப் பழகிப்போன அச்சம், நம் ஒரு தலைமுறையின் பொறுமையால் தளர்ந்திருக்கிறது. நாம் தேடிச் சென்றபோது ஒளிந்தது, நாம் விலகி நின்றபோது வெளியே வந்தது. காட்சியை வலிந்து கவர்வதற்கும் கொடையாகப் பெறுவதற்கும் உள்ள வேற்றுமையை இதைவிடத் தெளிவாக விளக்க இயலாது.

காணும் உரிமையின் எல்லை

இவற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு என்ன? காணும் உரிமை விருந்தினரின் உரிமை. விருந்தினர் வந்து சென்ற பின்னும் வீட்டார் தம் வீட்டில் வீட்டாராகவே வாழ முடிந்தால் அவர் நல்ல விருந்தினர். அவர் வருகையால் வீட்டார் பின்கட்டுக்கும், அங்கிருந்து தெருவுக்கும் ஒதுங்க நேர்ந்தால், அவர் எத்துணைப் பணிவோடு பேசினாலும் விருந்தினர் அல்லர். நீலக்குகையின் ஒளி ஆயிரம் பேர் கண்டாலும் மறுநாள் அதே வேளையில் மீண்டும் எரியும். அங்கே நாம் வரிசையில் நின்று, தலை குனிந்து, கண்டு மகிழலாம். பேறுகால அறையாகிய குகையோ ஒருவர் கண்டாலும் கெடும். அதன் வாயிலிலேயே நாம் நின்றுவிட வேண்டும். எல்லை நம் ஆவலால் வகுக்கப்படுவதன்று. எதிரில் இருப்பதன் வாழ்வால் வகுக்கப்படுவது.

மறுக்கப்படுவதைத் தாங்கும் மனமும் இதில் அடங்கும். தெற்கிலிருந்து 'யூகோ' என்னும் காற்று வலுத்து வீசும் நாள்களில் நீலக்குகைக்குள் படகுகள் நுழைய இயலாது. வழிகாட்டி அலையைப் பார்க்கிறார்; இன்று இயலாது என்கிறார். அவ்வேளையில் பயணியின் உள்ளம் வெளிப்படுகிறது. சிலர் பணத்தைத் திருப்பிக் கேட்டு வாதிடுகின்றனர். சிலர் சிறிது நேரம் அப்பாறையை வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகின்றனர். கதவு மூடியிருந்தபோதும் வீட்டை மதித்தவர்கள் இவர்கள்.

இவ்வுண்மை குகையோடு நிற்பதும் அன்று. சாவு நிகழ்ந்த வீட்டில் கதறும் தாயின் முகத்தருகே கருவியை நீட்டிப் படம் பிடிக்கிறோம். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்குமுன் பதிவு செய்கிறோம். உதவி பெறும் ஏழையின் கையையும் முகத்தையும் படமாக்கி ஊரறியக் காட்டுகிறோம். ஒவ்வொரு மனிதருக்கும் உள்ளறை ஒன்று உண்டு. துயரம், நோய், வறுமை, வெட்கம் ஆகியவை தங்கும் அறை அது. அங்கே ஒளிந்திருப்பவரைத் தேடிச் சென்று காணும் உரிமையை எவரும் நமக்கு வழங்கவில்லை. தாமே வெளியே வந்து பேசும் வரை வாசலில் காத்திருப்பதே அன்பு.

கடலையும் குகையையும் காணச் செல்லுங்கள் என்றே நாமும் கூறுவோம். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துச் செல்லுங்கள். விரைவுப் படகில் ஏறினாலும் வாயிலில் அவ்விரைவை இறக்கி வையுங்கள். கிடைத்த சில நிமிடங்களில் கருவியை மடியில் வைத்துவிட்டுக் கண்ணால் காணுங்கள். வழிகாட்டி, இதற்குமேல் செல்லலாகாது என்று சொன்னால், அவருக்கு நன்றி கூறுங்கள். அவர் நம்மிடமிருந்து எதையோ பறிப்பதாக எண்ண வேண்டா. ஒளி முடிந்து இருள் தொடங்கும் இடத்தில், கூழாங்கற் கரை ஒன்று வெறுமையாய்க் கிடக்கிறது. என்றேனும் ஒருநாள் ஒரு தாய்க் கடல்நாய் அங்கே திரும்பி வரக்கூடும். வந்தால், அதனைக் காண நாம் அங்கே இல்லாதிருப்பதே நாம் அதற்கு அளிக்கக்கூடிய விருந்து.